கிச்சன் கப்போர்டு: ரெடிமேட் மாடுலரா, ஆசாரி செய்வதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சமையலறையைப் புதுப்பிக்க நினைக்கும் சென்னை, கோவை, மதுரைப் பக்கத்து வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. புது வீட்டுக்காரர்களுக்கும் பொருந்தும். ஆனால் ஏற்கெனவே மேடை, குழாய், டைல்ஸ் எல்லாம் இருக்கும் வீட்டை மனதில் வைத்துத்தான் பதில்கள் எழுதியிருக்கிறேன்.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

ரெடிமேட் மாடுலர் என்றால், தொழிற்சாலையில் குறிப்பிட்ட அளவுகளில் வெட்டி, ஓரம் ஒட்டி, துளை போட்டு, அட்டைப்பெட்டியில் தட்டையாக வந்து, வீட்டில் பூட்டப்படும் பெட்டிகள். ஸ்வீடன் ஃபர்னிச்சர் நிறுவனமான ஐகியாவின் கடை ஹைதராபாத்தில் 2018-லும் பெங்களூருவில் 2022-லும் திறந்த பிறகு இந்த வகை நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுகிறது. உள்நாட்டு நிறுவனங்களும் இதே முறையில் செய்கின்றன.

ஆசாரி வேலை என்றால், ப்ளைவுட் ஷீட்டுகளை வீட்டிலேயே இறக்கி, அங்கேயே அறுத்து, மைக்கா ஒட்டி முடிப்பது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. உள்ளூர்ப் பட்டறையில் பேனல் ரம்பமும் எட்ஜ் பேண்டிங் மெஷினும் (வெட்டிய ஓரத்தில் பட்டை ஒட்டும் மெஷின்) வைத்திருப்பார்கள். உங்கள் சமையலறையை அளந்து, பட்டறையில் வெட்டி, வீட்டில் வந்து பூட்டுவார்கள். அம்பத்தூர், கோவை மாதிரித் தொழில் நடக்கும் இடங்களில் இவை நிறைய உண்டு. ஆசாரியிடமே, "ஷீட்டை மெஷினில் கட்டிங், பேண்டிங் பண்ணிக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் தலையாட்டுவார்கள்.

ரெடிமேடில் வரும் பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பார்ட்டிகிள் போர்டு என்பது மரச்சீவலைப் பசையோடு சேர்த்து அழுத்தியது. மேலே ஒட்டியிருக்கும் மெலமைன் பரப்பு வழியாகத் தண்ணீர் இறங்காது. வெட்டிய ஓரம், திருகுத் துளை, குழாய்க்காகப் போட்ட ஓட்டை வழியாகத்தான் இறங்கும். இறங்கிவிட்டால் போர்டு பருத்துக்கொள்ளும், அப்புறம் காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது. திருகும் பிடிக்காது.

ஐரோப்பாவில் இதே போர்டில்தான் வீடு வீடாகக் கிச்சன் போடுகிறார்கள், நன்றாகவே உழைக்கிறது. அங்கே யாரும் வாரத்துக்கு ஒருநாள் பக்கெட் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் சமையலறையைத் தேய்த்துக் கழுவுவதில்லை. நம் வீட்டில் வெள்ளிக்கிழமை வந்தால் கழுவியே ஆகவேண்டும். சிங்க்கில் குடம் வைத்து நிரப்புவோம், வழியும். ஈரமாவு அரைப்போம், கிரைண்டர் கழுவுவோம், அந்தத் தண்ணீர் மேடை ஓரமாகக் கீழே சொட்டும்.

ஆகவே போர்டு நல்லதா கெட்டதா என்பதைவிட, அது எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். தரையை ஒட்டிய கீழ்வரிசையும் சிங்க்குக்கு அடியும் ஈரப் பகுதி. மேல்வரிசை உலர்ந்த பகுதி. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது இந்தப் பிரிவினையைத்தான்: மேலே ரெடிமேட் தாராளமாகப் போடலாம், கீழே யோசித்துப் போடுங்கள்.

அப்படியானால் ப்ளைவுட் போட்டுவிட்டால் கவலை இல்லையா?

எந்த ப்ளைவுட் என்பதைப் பொறுத்தது. கடையில் மூன்று பெயர்கள் காதில் விழும்: எம்ஆர், பிடபிள்யூஆர், பிடபிள்யூபி. எம்ஆர் என்பது காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், அவ்வளவுதான். பீரோ, கட்டில் போன்றவற்றுக்குப் போதும், சமையலறையின் கீழ்வரிசைக்கு வேண்டாம். பிடபிள்யூஆர் அதற்கு ஒரு படி மேல். பிடபிள்யூபி என்பதைத்தான் 'மரைன்', '710' என்றெல்லாம் சொல்வார்கள். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி இது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்கு பிரியாமல் இருக்க வேண்டும். வித்தியாசம் பசையில்தான். எம்ஆரில் யூரியா பசை, கொதிநீரில் விட்டுவிடும். 710-ல் பினால் பசை, விடாது.

ஷீட்டின் மேல் '710' என்று அச்சடிப்பது யாருக்கும் முடியும். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிமம் எண் இருக்கிறதா பாருங்கள். அதை பிஐஎஸ் கேர் என்ற செல்போன் செயலியில் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு உரிமம், இப்போது செல்லுபடியாகிறதா என்று காட்டும். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். உள்பசை சிவப்பாக இருந்தால் நல்ல ப்ளை என்று சொல்வதை நம்பிவிடாதீர்கள், அது வெறும் சாயமாகவும் இருக்கலாம். கழிவுத் துண்டு ஒன்றை வாங்கி வந்து, பழைய பாத்திரத்தில் நாலைந்து மணி நேரம் கொதிக்க வையுங்கள். எம்ஆர் ஷீட்டை 710 என்று விற்றிருந்தால் பெரும்பாலும் அடுக்கு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. ஷீட் வாங்க ஆசாரி ஒரு குறிப்பிட்ட கடைக்கே கூட்டிப்போனால், கடைக்காரர் அவருக்குக் கமிஷன் கொடுக்கலாம். இந்தத் தொழிலில் அது ஊரறிந்த வழக்கம், பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பிராண்டும் தரமும் நீங்கள் சொன்னதாக இருக்கட்டும், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். சென்னைக்காரர்கள் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையில் ஒரு நடை நடந்து நாலு கடையில் விலை கேட்டுவிட்டுப் பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

எம்டிஎஃப், எச்டிஎச்எம்ஆர், பிவிசி, அலுமினியம்?

எம்டிஎஃப் என்பது மரநாரை அழுத்திச் செய்த போர்டு. கதவுக்கு நன்று, வழுவழுப்பாக பெயிண்ட் ஏறும். கீழ்ப்பெட்டிக்கு வேண்டாம். எச்டிஎச்எம்ஆர் அடர்த்தி அதிகமான, ஈரம் தாங்கும் வகை. பட்டறைக்காரர்கள் இப்போது இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள், சாதா பார்ட்டிகிள் போர்டைவிட நிச்சயம் மேல். பிவிசி போர்டுக்குத் தண்ணீர் பயமும் கரையான் பயமும் இல்லை, ஆனால் திருகுப் பிடிப்பு குறைவு, அடுப்புச் சூட்டில் வளையும். சிங்க்குக்கு அடியில் வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். அலுமினியம் எல்லாவற்றையும் தாங்கும். கதவைச் சாத்தும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வரும், சிலருக்கு அது பிடிக்காது.

எங்கள் வீட்டில் பழைய கடப்பா கல் தட்டுகள் இருக்கின்றன. உடைத்துத்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம். இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மேடைக்கு அடியில் கடப்பா கல் தடுப்பும் தட்டும் உள்ள வீட்டுக்காரர்களிடம் நிறுவனத்து ஆட்கள் முதலில் சொல்வது "எல்லாத்தையும் எடுத்துடலாம் சார்" என்பதுதான். அவர்கள் பெட்டி உள்ளே போக இடம் வேண்டுமே! ஆனால் கடப்பா கல் ஊறாது, உப்பாது, கரையான் தின்னாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகும் எந்த போர்டும் அதன் பக்கத்தில் நிற்காது. தவிர, தடுப்புக் கல்லை எடுத்தால் மேலே இருக்கும் கிரானைட்டைத் தாங்க வேறு ஏற்பாடு வேண்டும், டைல்ஸ் உடையும், இடிசல் அள்ள ஆள் வேண்டும்.

கல்லை அப்படியே வைத்துக்கொண்டு முன்பக்கம் சட்டமும் கதவும் மட்டும் போடலாம். கீலை நேரடியாகக் கல்லில் மாட்ட முடியாது. தடுப்பின் முகப்பில் ப்ளைவுட் பட்டையோ அலுமினியச் சட்டமோ பிளக் அடித்துப் பிடித்து, அதில் கீல் மாட்ட வேண்டும். இழுப்பறை வேண்டிய ஓரிரு அறைகளில் மட்டும் உள்தட்டை எடுத்துவிட்டு ஒரு ப்ளைவுட் பெட்டியைச் செருகிக்கொள்ளலாம். இது முழுக்க ஆசாரி வேலை. ஒவ்வொரு அறையும் அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கும், ரெடிமேட் கதவு உட்காராது.

குறை இல்லாமல் இல்லை. கல்லுக்கும் சுவருக்கும் இடையே சந்து இருந்தால் கரப்பான் குடியேறும். கதவு போடும் முன் சந்துகளை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். இழுப்பறை நிறைய வேண்டும் என்பவர்களுக்கும் இந்த வழி ஒத்துவராது.

ஒருவர் சதுர அடிக்கு 400 என்கிறார், இன்னொருவர் 1,500 என்கிறார். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

எந்தச் சதுர அடி என்று கேட்டீர்களா? சிலர் முன்பக்கப் பரப்பை மட்டும் அளப்பார்கள். சிலர் உள்ளே போகும் ஒவ்வொரு பலகையையும் அளப்பார்கள்.

இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம், இரண்டடி ஆழம் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் 5 சதுர அடி. பிரித்துப் போட்டால் இரண்டு பக்கப் பலகை 10, அடிப்பலகை 4, நடுத்தட்டு 4, பின்பலகை 5, கதவு 5, மொத்தம் 28 சதுர அடி. பத்தடி மேடைக்கு இப்படி ஐந்து பெட்டி என்றால் முன்பக்க அளவு 25, பலகை அளவு 140. முன்பக்கத்துக்கு 1,500 வீதம் 37,500 ரூபாய். பலகைக்கு 400 வீதம் 56,000 ரூபாய். குறைவாகச் சொன்னவர்தான் இங்கே அதிகம் கேட்கிறார். (ரேட்டுகள் உதாரணத்துக்கு மட்டும்.)

இதே கணக்கை ஷீட் எண்ணிக்கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு நாலு ஷீட் 32 சதுர அடி. மேலே சொன்ன ஐந்து பெட்டிக்குப் பின்பலகை தவிர 115 சதுர அடி, அதாவது கழிவோடு நாலைந்து 18 மி.மீ. ஷீட், பின்பக்கத்துக்கு மெல்லிய ஷீட் ஒன்று. ஆசாரி எட்டு ஷீட் கேட்டால் ஏன் என்று கேட்கலாம்.

கொட்டேஷனில் கீல், சேனல் (இழுப்பறை ஓடும் தண்டவாளம்), பாஸ்கெட், கைப்பிடி, மேடை கிரானைட், பழையதை அகற்றும் கூலி, 18 சதவீத ஜிஎஸ்டி ஆகியவை உள்ளே இருக்கின்றனவா, வெளியேவா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். "எல்லாம் சேர்த்துத்தான்" என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை.

கடைசியில் எது மலிவு?

ஒரே தரத்தில் ஒப்பிட்டால் உள்ளூர் வேலை பெரும்பாலும் குறைவாக வரும். ஆனால் யாரும் ஒரே தரத்தில் ஒப்பிடுவதில்லை. பார்ட்டிகிள் போர்டு மாடுலரையும் 710 ப்ளைவுட் ஆசாரி வேலையையும் பக்கத்தில் வைத்து "ரெடிமேட் மலிவு" என்பார்கள்.

சுவர் நேராக இல்லை, மூலையில் தூண் வேறு நிற்கிறது.

ரெடிமேட் பெட்டிகள் 30, 40, 60, 80 செ.மீ. என்று குறிப்பிட்ட அகலங்களில்தான் வரும். உங்கள் சுவர் 2 மீட்டர் 87 செ.மீ. என்றால் மிச்சம் விழும் இடத்தை ஒரு பட்டை வைத்து மூடுவார்கள். ஏற்கெனவே சின்னச் சமையலறை என்றால் அந்த இழப்பு கண்ணை உறுத்தும். தூணும் பீமும் குழாயும் குறுக்கே வந்தால் ஆசாரியே சரி. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் நம் ஊர்ச் சுவர்கள் அபூர்வமாகத்தான் நேராக நிற்கும். அளவெடுக்க வருபவர் ஒரே இடத்தில் டேப் வைத்துவிட்டுக் கிளம்பினால் நிறுத்துங்கள். கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும்.

மேடை உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருப்பது வசதி. ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு அது 80 முதல் 85 செ.மீ. வரை வரும். ஐகியாவின் மெட்டோட் என்ற கிச்சன் வரிசையில் கீழ்ப்பெட்டி 80 செ.மீ., அதன் கால் 8 செ.மீ., மேலே 2 செ.மீ. கிரானைட் என்றால் 90 ஆகிவிடுகிறது. அதன்மேல் நாம் கேஸ் அடுப்பைத் தூக்கி வைப்போம், அதன்மேல் பெரிய குக்கர். உயரம் குறைந்தவர் தினமும் தோளைத் தூக்கிக் கிளற வேண்டியிருக்கும். உள்ளூரில் செய்தால் அடுப்புப் பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் இறக்கிக்கூடச் செய்யலாம். வீட்டில் யார் அதிகம் சமைக்கிறாரோ அவரை நிற்க வைத்து அளந்துவிட்டுத்தான் எதையும் முடிவு செய்யுங்கள். கொட்டேஷன் பேசும் ஆண்கள் மறக்கும் முதல் விஷயம் இது.

சிலிண்டரைக் கப்போர்டுக்குள் வைக்கலாமா? கிரைண்டர், அரிசி டிரம்?

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். சிலிண்டர் அறையின் கதவில் அடிப்பக்கம் காற்றுவழி கட்டாயம் வேண்டும். அழகுக்காக முழுக் கதவு போட்டு மூடாதீர்கள். நிரம்பிய சிலிண்டர் 30 கிலோவைத் தொடும். அதை போர்டு அடிப்பலகைமேல் தூக்கி வைப்பதைவிட, அந்த அறைக்கு அடிப்பலகையே போடாமல் தரையில் நேராக நிறுத்துவது நல்லது. அடுப்புக்குப் போகும் சுரக்ஷா குழாய் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்து இடம் குறியுங்கள்.

கிரைண்டரை இழுப்புத் தட்டில் வைக்க ஆசைப்படுவார்கள். டில்டிங் கிரைண்டரின் எடைக்கும் அதிர்வுக்கும் சேனல் நிற்காது. மேடையிலோ தரையிலோ அதற்கென்று ஒரு இடம் ஒதுக்குங்கள். அரிசி டிரம்மும் அப்படியே, தரைதான் அதற்கு இடம்.

கீல், சேனல் எல்லாம் எந்த பிராண்ட்?

ஹெட்டிச், ப்ளம், ஹாஃபலே, எப்கோ என்று தெரிந்த பிராண்டாகப் போங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பாஸ்கெட் வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304-ஆ 202-ஆ என்று கேளுங்கள். ஈரப் பாத்திரம் வைக்கும் இடத்தில் 202 வேகமாகத் துருப்பிடிக்கும், கடலோர ஊரில் இன்னும் வேகமாக.

கரையான் வரும் வீடு. என்ன செய்வது?

எந்த மரப்பெட்டியும் தரையைத் தொடக்கூடாது. நாலு அங்குல பிவிசி கால் போட்டு, முன்னால் கழற்றி மாட்டும் பட்டை வையுங்கள், மாதம் ஒருமுறை கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கலாம். சுவரோரம் துளையிட்டு மருந்து செலுத்துவதைக் கப்போர்டு வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு செய்தால் பின்சுவர் எட்டாது.

வெள்ளம் வரும் பகுதியில் இருக்கிறோம்.

2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரி, முடிச்சூர் தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்விக்கே அவசியமில்லை. கீழ்வரிசை கடப்பா அல்லது அலுமினியம். வேறு எதுவும் வேண்டாம்.

எத்தனை நாள் ஆகும்?

நிறுவனங்கள் 45 நாள் என்பார்கள். அது அளவெடுத்த நாளிலிருந்தா, டிசைனில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தா என்று கேளுங்கள். வீட்டில் பூட்டும் வேலை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும், அதுதான் ரெடிமேடின் பெரிய சௌகரியம். ஆசாரி வேலை வீட்டுக்குள்ளேயே மூன்று நாலு வாரம் ஓடும். ரம்பச் சத்தம், மரத்தூள், பசை வாடை எல்லாம் சேர்த்துத்தான். கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருக்கும் வீட்டில் ரெடிமேட் அல்லது பட்டறை வேலைதான் சரி. அடுக்குமாடிச் சங்கத்தில் வேலை நேரம் பற்றிய விதி இருந்தால் அதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஆசாரியோடு பேசும்போது காலண்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் உள்வேலை செய்பவர்களில் ராஜஸ்தான், உத்தரப் பிரதேச ஆட்கள் நிறைய, தீபாவளிக்கும் ஹோலிக்கும் ஊருக்குக் கிளம்புவார்கள். நம் ஊர் ஆட்களுக்குப் பொங்கல்.

பணம் எப்படிக் கொடுப்பது? தகராறு வந்தால்?

ஆசாரிக்கு வேலை நகர நகரக் கொடுங்கள், கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மாதம் நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். நிறுவனம் என்றால் பெரும்பாலும் சரக்கு கிளம்பும் முன்பே கிட்டத்தட்ட முழுத்தொகையும் கேட்கும். அதனால்தான் போர்டு வகை, கனம், ஹார்ட்வேர் பிராண்ட், முடிக்கும் தேதி எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாரண்டித் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் வருடக்கணக்கை விட்டுவிட்டு, தண்ணீர்ச் சேதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் இருக்கும்.

புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. பில் வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

நாலைந்து வருடத்தில் வீடு மாறுவோம், கழற்றி எடுத்துப் போகலாமா?

மேல்வரிசையை எடுத்துப் போகலாம். கீழ்வரிசை புது வீட்டு அளவுக்குப் பொருந்துவது அதிர்ஷ்டம். பார்ட்டிகிள் போர்டை ஒருமுறைக்கு மேல் கழற்றிப் பூட்டினால் திருகுத் துளை தளர்ந்துவிடும்.

வேலை முடிந்து ஒப்படைக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கதவு பளபளப்பைப் பார்க்காதீர்கள், குனிந்து சிங்க்குக்கு அடியில் பாருங்கள். குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் ஓரம் எதுவும் பூசாமல் வெறுமனே இருந்தால் சிலிகான் பூசச் சொல்லுங்கள். ரெடிமேட், ஆசாரி வேலை இரண்டிலுமே ஆட்கள் விட்டுவிடும் இடம் இது. பெட்டியின் பின்ஓரம், அடிஓரம் ஆகியவற்றில் ப்ளைவுட் வெறுமனே தெரிந்தால் பிரைமராவது அடிக்க வேண்டும். எல்லா இழுப்பறையிலும் பாத்திரத்தை நிரப்பி இழுத்துப் பாருங்கள், காலியாக எல்லா இழுப்பறையும் நன்றாகத்தான் ஓடும். சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே காகிதம் விரித்து நனைகிறதா என்று பாருங்கள். மீந்த மைக்காவில் ஒரு துண்டையும் எட்ஜ் பேண்டில் ஒரு சுருளையும் கேட்டு வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். அதே டிசைன் இரண்டு வருடம் கழித்துக் கடையில் கிடைக்காது.